சேட்டுப் பையில் ஒன்பது நாள்

அன்று காலை எழுவைதீவு இறங்குதுறையில் நின்றவர்கள் நான்கு பேர். என் அண்ணை நேசன், அவருடைய மனைவி ரஞ்சி மச்சாள், பைபர் படகு வைத்திருக்கும் யோகண்ணை, நான். அம்மா வரவில்லை. காலைப் படகும் வரவில்லை.

படகு வராததற்குக் காரணம் சோளகக் காற்று. அலை கூடிவிட்டது, ஊர்காவற்றுறையிலிருந்து வரவேண்டிய பயணிகள் படகு இன்றைக்கு ஓடாது என்று விடியவே சேதி வந்துவிட்டது.

அம்மா வராததற்குக் காரணம் நான். நான் செய்த வேலையை அவ அறிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்கவில்லை. குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் இருந்தவ, நாங்கள் படலையைத் திறந்தபோதும் எழும்பவில்லை.

அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். அது என்னுடைய சேட்டு, அவருக்குத் தோளில் பிடித்தது. இருபது வருசமாகக் கடலுக்குள் சுழியோடிய தோள் அது. இடது காதுக்குள் பஞ்சு வைத்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டை, இரண்டு பேனை, ஒரு அடிமட்டம்.

ஒன்பது மணிக்கு அவருக்கு யாழ்ப்பாணத்தில் சோதனை. பயணிகள் படகு ஓட்டுவதற்கான லைசென்ஸ் சோதனை. எங்கள் தீவுப் படகுக்குப் புதிதாக ஒரு படகோட்டி எடுக்க இருந்தார்கள். லைசென்ஸ் கையில் உள்ளவருக்குத்தான் அந்த உத்தியோகம். மாதச் சம்பளம், தலைக்கு மேலே கூரை, காதுக்குள் தண்ணீர் போகாத வேலை.

சோதனைத் திகதி என் கைபேசிக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணைக்கு நான் அதைச் சொன்னது அன்று காலை ஐந்தே முக்காலுக்கு.

ஏலாக் கொப்பி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் ஏலாக் கொப்பியைத் தெரியும். இடையில் வந்தவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு எண்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு மாதமும் பிறந்தவுடன், எனக்கு ஏலாத ஒரு காரியத்தை அதில் எழுதுவேன். மாதம் முடிவதற்குள் அதைச் செய்துபார்த்துவிட்டுக் கோடு போட்டு வெட்டுவேன். மேடையில் ஏறி நன்றியுரை சொல்ல ஏலாது என்று எழுதினேன், சொன்னேன். சிங்களத்தில் கதைக்க ஏலாது என்று எழுதினேன். நயினாதீவுப் படகுத்துறையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை நின்று, வந்த சிங்கள யாத்திரிகர்களோடெல்லாம் கதைத்தேன். ஊசியைப் பார்க்க ஏலாது என்று எழுதிவிட்டு இரத்தம் கொடுக்கப் போனேன். கொடுத்து முடித்து எழும்பும்போது கதிரையோடு சேர்ந்து விழுந்தேன். அதற்கும் கோடு போட்டேன், விழுந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன். அம்மாவுக்குக் கைநாட்டு. அப்பாவுக்கும் அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா கடலில் போய்விட்டார். அண்ணை ஏழாம் வகுப்போடு கொப்பிகளை மூட்டை கட்டிவிட்டுக் கடலுக்கு இறங்கினார். முதலில் வலை, பிறகு கடலட்டை. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடியில் போய் அட்டை பொறுக்குகிற வேலை. அந்தக் காசில்தான் நான் உயர்தரம் படித்தேன், வெளிவாரிப் பட்டம் எடுத்தேன், ஊர்காவற்றுறையில் அரசாங்கக் கந்தோரில் ஒரு கதிரையும் பிடித்தேன்.

இன்றைக்கும் சொல்கிறேன், தனக்கு ஏலாததை விடாமல் செய்துபார்க்கிறவன் வளருவான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவன் தன்னைவிட வேகமாக வளர்ந்தால் என்ன செய்வதென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணைக்கும் ஒரு கொப்பி

காதில் இரத்தம் கசியத் தொடங்கியபோது அண்ணை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனார். சுழியோட்டத்தை விட்டுவிடச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர் என் மேசைக்கு அருகே வந்து நின்றார். எங்கள் வீட்டில் உள்ள ஒரே மேசை அது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அண்ணைதான் ஊர்காவற்றுறையிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு வந்தவர்.

"தம்பி, எனக்கும் ஒரு கொப்பி தாவன். எனக்கு ஏலாதது கனக்கக் கிடக்கு."

எனக்குச் சந்தோசம். அதை மறைக்கவில்லை. புதுக்கொப்பி ஒன்றை எடுத்து, என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். ஒரு வரிதான் சொன்னார்: எழுத்துக்கூட்டாமல் வாசிக்க ஏலாது.

என்னுடைய முறை மாதத்துக்கு ஒன்று. அண்ணை அதை நாளுக்கு ஒன்று ஆக்கிவிட்டார். படகு விதிகள் உள்ள புத்தகத்தை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மச்சாள் மீன் வெட்ட, பக்கத்தில் குந்தியிருந்து அதைச் சத்தமாக வாசிப்பார். எதிரே ஒரு படகு வந்தால் எந்தப் பக்கம் விலகவேண்டும் என்ற விதியை வாசிக்க முதல்நாள் அவருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது.

"நீங்கள் வாசிச்சு முடிக்க முதல் அந்தப் படகு வந்து இடிச்சுப் போட்டுப் போயிடும்" என்றா மச்சாள்.

மூன்றாம் மாதம் அவ பகிடி பண்ணுவதை நிறுத்திவிட்டா. பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டவேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து அது என் வேலை. புங்குடுதீவில் பிறந்து கனடாவில் வசித்தவர், கரம்பொன்னைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்று நான் வாசிக்க வாசிக்க, அவ ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர் ஆக்கிவிடுவா. ஒருநாள் கந்தோரால் வந்து பார்த்தேன். அண்ணை வாசித்துக்கொண்டிருந்தார். சொல்லுக்குச் சொல் நின்று, மூச்சு விட்டு வாசித்தார்.

நான் வாங்கி வாசிக்கவா என்று கேட்டேன். அம்மா கையால் மறித்தா.

"நீ ஓட்டமா வாசிக்கிறாய் மோனை. இவன் வாசிச்சாத்தான் செத்தவை ஆரெண்டு விளங்குது."

எல்லோரும் சிரித்தோம். நான் அறைக்குள் போய், கந்தோர் உடுப்பை மாற்றாமலே கட்டிலில் இருந்தேன். பத்திரிகையில் இரண்டு பக்கம் அது. அதை என்னிடமிருந்து யாரோ பறித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

பால் தேத்தண்ணி

எங்கள் வீட்டில் பால் தேத்தண்ணி படிக்கிறவனுக்கு மட்டும். மற்றவர்களுக்குப் பால் விடாத வெறும் சாயம், கூடவே கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பால்மா விலையும் என் படிப்பும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம். அப்பா போன காலத்திலிருந்தே அப்படித்தான். உத்தியோகம் கிடைத்த பிறகும் நான் நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் கோப்பையின் நிறம் மாறவில்லை.

அண்ணை கொப்பி தொடங்கிய பிறகு அம்மா இரண்டு பால் தேத்தண்ணி போட்டா. நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் வந்தது. காலையில் கந்தோரில் போட்டிப் பரீட்சை முடிவு பார்த்தேன். மூன்றாவது தடவை. என் பெயர் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் தின்ன ஒரு பணிஸ் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பின்னேரம் ஊர்காவற்றுறைத் துறையில் படகுக்கு நிற்கும்போது கைபேசி அடித்தது. குறுந்தகவல். இன்னார், இன்ன விண்ணப்ப இலக்கம், இன்ன நாள், காலை ஒன்பது மணி, யாழ்ப்பாணம். அண்ணையின் சோதனைத் திகதி.

அண்ணையின் திகதி ஏன் எனக்கு வரவேண்டும்?

எழுவைதீவில் படிவம் நிரப்புவது நான்தான். ஓய்வூதியமா, கிளினிக்கா, வீட்டுத்திட்டமா, எதுவென்றாலும் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்கள். தொடர்பு இலக்கம் என்ற கட்டம் வந்ததும் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "உம்மடையைப் போடும் தம்பி, எங்களுக்கு வந்தால் ஆர் வாசிக்கிறது." தீவின் பாதிப் படிவங்களில் என் இலக்கம்தான் இருக்கும். யாருக்கு எப்போது பிரசர் கிளினிக், யாருடைய காணி உறுதிக்கு விசாரணை என்பதெல்லாம் என் சட்டைப்பைக்குள் கிடக்கும். படகால் இறங்கியதும் துறையிலேயே நின்று சொல்லுவேன். ஒருமுறை ஒரு கலியாணத் தரகரின் செய்தியையும் அப்படிச் சொல்லி ஒரு வீட்டில் ஏச்சு வாங்கினேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. அண்ணையின் படிவத்திலும் அதே இலக்கத்தைத்தான் எழுதினேன். அவர் அப்போது எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம் என்று கைபேசியைச் சேட்டுப் பைக்குள் போட்டேன். மறைக்கும் எண்ணம் அப்போது சத்தியமாக இல்லை.

வீட்டில் முதலில் என் முடிவைச் சொன்னேன். அண்ணை என் தோளில் கை வைத்து, அடுத்தமுறை எடுப்பாய் என்றார். அம்மா குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தா. பால்மா முடியும் தறுவாய். ஒரு கோப்பைக்குத்தான் காணுமாம். அதை அண்ணையிடம் கொடுத்தா. எனக்குச் சாயமும் பனங்கட்டியும்.

நான் கோப்பையைப் பார்த்ததை அவ கண்டிருக்கவேண்டும்.

"உனக்கு முடிஞ்சுதுதானே மோனை. அவனுக்கு இனித்தானே சோதனை."

அவவின் மனதில் ஒன்றும் இல்லை. இருந்த பாலைக் கணக்காகப் பிரித்துக் கொடுத்தா, அவ்வளவுதான். அண்ணை தன் கோப்பையை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. கைபேசியையும் எடுக்கவில்லை.

ஒன்பது நாள்

இரண்டாம் நாள், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் அண்ணையே கேட்டார், திகதி ஏதும் வந்ததா என்று. இல்லை அண்ணை என்றேன். ஒருமுறை சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுகிற வேலை வந்துவிட்டது.

நான்காம் நாள் அவருக்கு ஒரு மாதிரி வினாத்தாள் வைத்தேன், ஐம்பது கேள்வி. நாற்பத்தொன்று சரி. நான் முப்பத்தாறு என்று எழுதினேன். சரியான ஐந்து விடைகளை, முழுமையில்லை என்று சாட்டுச் சொல்லி வெட்டினேன். சிவப்புக் கோடுகள் ஐந்தும் அடிமட்டம் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தன. அதைத்தான் இன்றும் மறக்க ஏலாமல் இருக்கிறது.

"இன்னும் ஆயத்தம் காணாது அண்ணை. இந்தமுறை தவறினாலும் அடுத்தமுறை எடுக்கலாம்."

"நீ சொன்னாச் சரிதான்" என்று அவர் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

பொறாமை என்றால் மற்றவனுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும் என்கிற ஆசை என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் படகோட்டி வேலை வேண்டாம். படகில் ஏறினாலே எனக்குக் குமட்டும். வேண்டியிருந்தது ஒன்றுதான். எங்கள் வீட்டில் படிக்கிறவன் நான் ஒருவனாகவே இருக்கவேண்டும். அதைக் கேட்பதற்கு எந்தப் படிவமும் இல்லை.

ஏழாம் நாள் அண்ணை இன்னொருதரம் கேட்டார். நான் இன்னொருதரம் இல்லை என்றேன்.

சோதனை நாளன்று விடிய முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மச்சாள் தலையணை உறையைத் தோய்த்துக்கொண்டிருந்தா. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் நடுவில் ஒரு மண்ணிற வட்டம் போகாமல் நின்றது. முதல்நாளும் அண்ணை அட்டைக்கு இறங்கியிருந்தார். வீட்டில் கடன் இருந்தது, இறங்காமல் இருக்க ஏலாது.

வாய் தானாகத் திறந்தது. இன்றைக்குத்தான் சோதனை மச்சாள் என்றேன்.

அவ தேய்ப்பதை நிறுத்தினா. எப்போது தெரியும் என்று கேட்டா. ஒன்பது நாள் என்றேன். ஈர உறையை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தா.

"உம்மட வாயால அவரிட்டைச் சொல்லும். நான் சொல்லமாட்டன்."

அண்ணை பல் தீட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அண்ணை வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கேட்டது ஒன்றுதான்:

"எத்தினை மணிக்கு?"

கடல்

யோகண்ணை லேசில் சம்மதிக்கவில்லை. இந்தக் காற்றில் போவது விசர்வேலை என்றார். அண்ணை கெஞ்சவில்லை, பக்கத்தில் நின்றார். பிறகு யோகண்ணை என்னைப் பார்த்தார்.

"தீவில எல்லாற்றை திகதியும் சொல்லுற தம்பிக்குச் சொந்த அண்ணன்ர திகதி தெரியாமல் போட்டுதோ?"

நான் வாயைத் திறக்க முதல் அண்ணை சொன்னார்: "மெசேஜ் பிந்தித்தான் வந்தது."

மச்சாள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா. 

மண்ணெண்ணெய் தேடி, எஞ்சினை இழுத்து, மச்சாளைத் துறையில் விட்டு வெளிக்கிட ஏழே முக்கால் ஆகிவிட்டது. பாதி வழியில் ஒரு அலை பக்கவாட்டில் ஏறி எங்கள் மூன்று பேரையும் நனைத்தது. யோகண்ணை திரும்புவோம் என்றார். அண்ணை பொலித்தீன் பையை என்னிடம் தந்துவிட்டு, எஞ்சின் பிடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதன்பிறகு படகு அலையோடு சண்டை பிடிக்கவில்லை. அலை வரும்போது வேகத்தைக் குறைப்பார், அதன் முதுகில் ஏற்றி மெல்ல இறக்குவார், அடுத்ததற்கு முன் கொஞ்சம் சரிப்பார். யோகண்ணை பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா இருந்தார்.

நான் படகு விளிம்பில் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது நன்றியல்ல. இவருக்கு இது ஏன் இவ்வளவு லேசாக வருகிறது என்பதுதான்.

ஊர்காவற்றுறையில் ஓட்டோ பிடித்தோம். வேலணை, பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம். ஒன்பது நாற்பதுக்கு வாசலில் நின்றோம். அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் எழுத்துச் சோதனைக்கு விடமாட்டார்கள். பத்து நிமிசம். வாசலில் நின்ற உத்தியோகத்தர் மரியாதையான மனிதர். தன்னால் ஏலாது என்று இரண்டு தரம் சொன்னார். நான் என் கந்தோர்த் தமிழையெல்லாம் எடுத்து வாதாடினேன்.

"விடு தம்பி, அவையின்ர சட்டம் அது" என்றார் அண்ணை.

பிறகு அவர் அந்த உத்தியோகத்தரிடம் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னேரம் நடக்கும் செய்முறைச் சோதனையை வெளியில் நின்று பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். உப்பு காய்ந்த சேட்டோடு நாலு மணிவரை வெயிலில் நின்று, மற்றவர்கள் படகு கட்டுவதையும் திருப்புவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் எங்கே பிழைவிட்டார்கள் என்று அந்தப் பேனையால் உள்ளங்கையில் குறித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் கேட்டார்.

"ஏன் சொல்லேல்லை?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. "எரிச்சல் அண்ணை" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காத முகம்.

"என்னிலயோ? என்னட்டை என்ன கிடக்கு?"

கரம்பொன் தாண்டும்போது அவர் உள்ளங்கையை விரித்து, குறித்ததை வாசிக்கத் தொடங்கினார்.

பிறகு

அந்த வருசம் படகோட்டி வேலை வேறு தீவைச் சேர்ந்த ஒருவருக்குப் போனது, ஒரு வருச ஒப்பந்தத்தில். அண்ணை இன்னொரு பருவம் அட்டைக்கு இறங்கினார். கொப்பியை விடவில்லை. அடுத்த சோதனையில் முதல் தடவையே சித்தியடைந்தார். இப்போது எங்கள் தீவுப் படகை ஓட்டுகிறவர் அவர்தான். அவருடைய படிவங்களை அவரே நிரப்புகிறார். தொடர்பு இலக்கக் கட்டத்தில் அவருடைய இலக்கம். நேசன் ஓட்டினால் பயமில்லை என்று சனம் சொல்லும்போது எனக்கு இன்னமும் உள்ளே ஒரு முள் குத்தும். குத்தவில்லை என்று எழுதினால் இந்தத் தொடரையே எழுதவேண்டாம்.

அந்த ஒரு பருவத்தில் இடது காது போய்விட்டது. முழுக்க அல்ல, முக்கால்வாசி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். போன வருசமே சுழியோட்டத்தை விட்டிருந்தால் என்று டொக்டரிடம் கேட்டேன். காதைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அண்ணை பக்கத்தில்தான் இருந்தார், இடது காது எங்கள் பக்கம். டொக்டர் என்ன சொன்னவர் என்று வெளியில் வந்து கேட்டார். ஒரு கருவி போட்டால் கேட்குமாம் என்றேன். அதுவும் டொக்டர் சொன்னதுதான்.

அண்ணை இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறார். ஊர்காவற்றுறையில் ஆட்கள் ஏறும்வரை இருந்து வாசிப்பார். எழுத்துக்கூட்டுவதில்லை. மற்றதையும் டொக்டர் சொன்னவர், அண்ணை. அதை உங்களுக்கு இப்போதுதான் சொல்லுகிறேன்.

கருவி வாங்க இரண்டு பேருமாகப் போனோம். நான் கடன் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணை பாதியைத் தன் சம்பளத்தால் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். கடையில் இருந்த பிள்ளை இரண்டு காதுக்குமா என்று கேட்டா. ஒன்றுக்கு என்றேன்.

ஒரு காதுக்கு ஒரு இலட்சத்து எண்பத்திரண்டாயிரம் ரூபா.